அக்கரைக்குப் போன குடுக்கை ஆட்டம்

வேங்கைமேட்டுக் காட்டில் இடும்பன் என்றொரு காட்டெருமை இருந்தது. அந்தக் காட்டின் குடுக்கை ஆட்டத்துக்கு அதுதான் தலைவன்.

ஆட்டம் இப்படி. பக்கத்துக்கு ஏழு பேர். காய்ந்த சுரைக்குடுக்கையை வாயில் கவ்விக்கொண்டு ஒருவன் ஓட வேண்டும். எதிர்ப்பக்கத்து வேங்கை மரத்தைத் தொட்டுவிட்டால் வெற்றி. தொடவிடாமல் எதிராளிகள் முட்டித் தள்ளுவார்கள். ஓடுகிறவன் விழுந்தால் நடுவரான மைனா சீட்டியடிக்கும். எல்லோரும் எழுந்து, மண்ணை உதறிவிட்டு, மறுபடியும் எதிரெதிரே வரிசையாக நிற்பார்கள். நாலு முயற்சிக்குள் பத்து அடியாவது முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் குடுக்கை எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும்.

குடுக்கையோடு ஓடுவதில் சுழியனை மிஞ்ச ஆளில்லை. சுழியன் ஒரு காட்டுப்பன்றி, இடும்பனின் உயிர்த்தோழன். இடும்பன் முன்னால் நின்று முட்டி வழி திறக்கும். அந்த வழியில் சுழியன் அம்பு மாதிரி பாயும்.

வாரத்துக்கு ஒரு நாள் ஆட்டம். அன்றைக்கு இரை தேடக்கூட யாரும் போவதில்லை. மான், முயல், குரங்கு எல்லாம் மேட்டைச் சுற்றி உட்கார்ந்துவிடும். முள்ளம்பன்றி சடைச்சியக்காவுக்கு எப்போதும் முன்வரிசைதான்.

"தள்ளு இடும்பா! ஓடு சுழியா! ஓடு, ஓடு!"

கத்திக் கத்தி அதற்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மறுநாள் சைகையில்தான் பேசும்.

ஒருநாள் இடும்பன் ஏரியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாறையில் ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்தது.

"தலைவரே! உங்கள் ஆட்டத்தைப் பார்த்தேன். அடடா, அது ஆட்டம்! ஆனால் ஒரு சின்ன வருத்தம்."

"என்ன வருத்தம்?"

"ஏரிக்கு அக்கரையில் நாணல்துறை என்று ஒரு காடு இருக்கிறது. இங்கே இருப்பதைப்போல மூன்று மடங்கு கூட்டம். அங்கே உங்கள் பெயர் ஒரு குருவிக்குக்கூடத் தெரியாதே!"

இடும்பன் தலையை நிமிர்த்திப் பார்த்தது. தன் பெயர் தெரியாத இடம் என்று ஒன்று இருக்கும் என்பதையே அது அதுவரை நினைத்ததில்லை. அன்று முழுவதும் அதற்குப் புல் ருசிக்கவில்லை.

மறுநாள் சுழியனிடம் விஷயத்தைச் சொன்னது.

"நீந்திப் போய் விளையாட வேண்டுமா?" என்றது சுழியன். "அவர்கள் கேட்டார்களா?"

"கேட்க வேண்டும் என்றால் முதலில் தெரிய வேண்டுமே! நாம்தான் தெரியவைக்க வேண்டும்."

"அவர்களுக்கும் ஏதாவது ஒரு ஆட்டம் இருக்குமே, இடும்பா."

"இருக்கட்டுமே! நம்முடையதைப் பார்த்தால் அதை விட்டுவிடுவார்கள்!"

சுழியன் ஒப்புக்கொண்டது. இடும்பன் எங்கே போனாலும் பின்னால் போய்த்தான் அதற்குப் பழக்கம்.

சடைச்சியக்காவுக்கோ பெருமை தாங்கவில்லை. "போய் வாருங்கள்! நம் ஆட்டம் அக்கரையிலும் பேர் வாங்கட்டும். ஒரு தடவைதானே? வாங்கிக்கொண்டு வாருங்கள்!" என்று கரைவரை வந்து வழியனுப்பியது.

பதினாலு பேரும் இரண்டு நாழிகை நீந்தினார்கள். மைனா மேலே பறந்து வந்தது. நாணல்துறையில் உண்மையாகவே பெரிய கூட்டம். நீர்நாய்கள், ஆமைகள், நாரைகள், தவளைகள் எல்லாம் நீர்க்காகம் சொன்ன சேதி கேட்டுக் காத்திருந்தன. இவ்வளவு பெரிய உடம்புகள் சேற்றில் மோதிக்கொள்வதை அவை பார்த்ததே இல்லை.

ஆட்டம் தொடங்கியது. சுழியன் மரத்தைத் தொட்டபோது ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒரு கரடி சேற்றில் வழுக்கி மல்லாந்தபோது கரையே அதிர்ந்தது. மைனா சீட்டியடித்த ஒவ்வொரு தடவையும் தவளைகள் துள்ளிக் குதித்தன. இடும்பனுக்கு எல்லாம் ஒன்றுதான். சத்தம் வந்தது, அது போதும்.

ஆட்டம் முடிந்ததும் ஆராயி என்ற நீர்நாய் கிட்டே வந்தது. அந்தத் துறையில் எல்லோரும் மதிக்கிற நீர்நாய் அது.

"நன்றாக இருந்தது, தலைவரே. ஒன்றுதான் புரியவில்லை. ஓடுகிறீர்கள், விழுகிறீர்கள், உடனே நிறுத்திவிடுகிறீர்கள். ஏன்?"

"அதுதான் விதி!"

"ஓ! எங்கள் ஆட்டத்தில் நிறுத்தவே மாட்டோம். தாமரைக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டால் பொழுது சாயும்வரை அது ஓய்வதே இல்லை. நாளைக் காலையில் ஆடுகிறோம். இருந்து பாருங்களேன்!"

"இன்னொரு நாள் பார்க்கலாம்," என்று இடும்பன் நீரில் இறங்கிவிட்டது.

திரும்பும் வழியில் நீர்க்காகம் தலைக்கு மேல் பறந்து வந்தது. "கேட்டீர்களா அந்தச் சத்தத்தை! ஒரு தடவையோடு விட்டால் மறந்துவிடுவார்கள். வாராவாரம் வர வேண்டும், தலைவரே!"

வாராவாரம் போனார்கள்.

இரண்டாவது வாரம் பாதிக் கூட்டம். மூன்றாவது வாரம் அதிலும் பாதி. நீர்க்காகம் அதற்கும் வழி சொன்னது. "ஆட்டம் நிற்கிற நேரத்தில் தவளைகளைப் பாடச் சொல்லுங்கள்!" தவளைகள் பாடின. கூட்டம் மறுபடி வந்தது. பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விட்டது. அடுத்த முயற்சிக்கு வரிசையில் நின்ற பதினாலு பேரும் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பழக வேண்டும். பழகினால் பிடித்துவிடும்," என்றது இடும்பன்.

இக்கரையில் சடைச்சியக்கா ஒருநாள் வழிமறித்தது.

"இடும்பா, இந்த வாரமாவது நம் மேட்டில் ஆட்டம் உண்டா? முயல்களெல்லாம் கேட்கின்றன."

"இந்த வாரம் முடியாது, அக்கா. அக்கரையில் இப்போதுதான் வேர் பிடிக்கிற நேரம்."

"போன வாரமும் அதைத்தான் சொன்னாய்."

"நீங்கள் எங்கே போய்விடப் போகிறீர்கள்? எப்போதும் இங்கேதானே இருக்கிறீர்கள்! அவர்களைத்தான் பிடிக்க வேண்டும்!"

சடைச்சி ஒரு கணம் அதன் முகத்தைப் பார்த்தது. பிறகு ஒதுங்கி வழிவிட்டது.

மழைக்காலம் வந்தது. ஏரி பெருகியது. பன்னிரண்டாவது பயணத்தன்று சுழியன் கரையிலேயே படுத்துவிட்டது.

"இன்றைக்கு வேண்டாம், இடும்பா. முன்னங்கால் சொன்னபடி கேட்கவில்லை. நீந்தி நீந்தி மரத்துக் கிடக்கிறது."

"இன்று ஒரு நாள் மட்டும் வா! நீ பாய்கிற பாய்ச்சலை இன்று அவர்கள் சரியாகப் பார்த்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு நாம் போக வேண்டியதே இல்லை. அவர்களே நம்மைத் தேடி வருவார்கள்!"

"அப்படியா சொல்கிறாய்?"

"சத்தியமாக!"

சுழியன் எழுந்தது. காலை நீட்டி மடக்கிப் பார்த்தது. தண்ணீரில் இறங்கியது.

அன்று கரையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அதில் இரண்டு ஆமைகள் தூங்கிக்கொண்டிருந்தன. களம் முழுக்கச் சேறு. சுழியன் குடுக்கையைக் கவ்வியது. இடும்பன் எப்போதும்போல முட்டி வழி திறந்தது. சுழியன் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் அதன் முன்னங்கால் சேற்றுக்குள் புதைந்தது. திரும்பிப் பார்த்த இடும்பனின் குளம்பும் வழுக்கியது. அந்தப் பெரிய உடம்பு அப்படியே தோழன்மேல் சாய்ந்தது.

'மளுக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

மைனா சீட்டியடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். சுழியன் மட்டும் எழவில்லை.

"எழுந்திரு, சுழியா! இன்னும் ஒரு முயற்சி பாக்கி இருக்கிறது!" என்றது இடும்பன். சொல்லி முடிக்கும்முன்பே அந்தக் கால் வளைந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டது.

ஆராயிதான் முதலில் ஓடி வந்தது. நாணலை மெத்தையாக்கி, நீர்நாய்கள் நாலைந்து சேர்ந்து சுழியனை மேட்டுக்கு இழுத்தன. காலுக்குக் கோரைப்புல் கட்டின. "இந்தக் காலோடு ஏரியில் இறங்க முடியாது," என்றது ஆராயி. "கோடையில் தண்ணீர் வற்றும். அதுவரை இங்கேயே கிடக்கட்டும். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

"நானும் இருக்கிறேன்," என்றது இடும்பன்.

சுழியன் கண்ணைத் திறக்காமலே பேசியது. "வெள்ளம் ஏறுகிறது. நீ முன்னால் போகாவிட்டால் மற்றவர்கள் கரை சேர மாட்டார்கள். போ."

இடும்பன் போயிற்று. நடு ஏரியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அவர்கள் நீந்தி வந்த தடத்தில் கலங்கி மேலே துள்ளிய மீன்களை நீர்க்காகம் ஒவ்வொன்றாகக் கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிறு உருண்டு திரண்டிருந்தது. பன்னிரண்டு வாரமாக அது ஏன் கூடவே பறந்து வந்தது என்று அப்போதுதான் இடும்பனுக்கு உறைத்தது.

"இதற்குத்தானா? உன் மீனுக்குத்தானா எங்களை இழுத்தாய்?" என்று கத்தியது.

"நான் என்ன பொய் சொன்னேன், தலைவரே?" என்றது நீர்க்காகம். "அக்கரையில் கூட்டம் இருக்கிறது என்றேன்; இருந்தது. உங்கள் பெயர் தெரியாது என்றேன், தெரியவில்லை. மிச்சத்தையெல்லாம் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள்!"

அது சொன்னது உண்மைதான்.

மழை நின்றதும் இடும்பன் வேங்கைமேட்டுக்குப் போய்ப் பார்த்தது. களத்தில் முழங்கால் உயரத்துக்குத் தொட்டாற்சுருங்கி மண்டிக் கிடந்தது. கொம்பால் கிளறி, குளம்பால் மிதித்து, மூன்று நாள் சுத்தம் செய்தது. பிறகு சடைச்சியின் வளைக்குப் போனது.

"அக்கா, வரும் வாரம் ஆட்ட நாளில் நம் மேட்டில் ஆடுகிறோம். எல்லோரிடமும் சொல்கிறீர்களா?"

"அன்றைக்கா?" சடைச்சி தயங்கியது. "அன்றைக்கு நாங்களெல்லாம் ஓடைக்கரைக்கு இலந்தைப் பழம் பொறுக்கப் போகிறோம், இடும்பா. வாராவாரம் போய்ப் பழகிவிட்டது. குட்டிகளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது."

"என்மேல் கோபமா, அக்கா?"

"கோபமா? ஐந்தாறு வாரம் நாங்கள் மேட்டுக்கு வந்து, வெறும் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கோபமெல்லாம் அப்போது இருந்தது. இப்போது இல்லை."

கோபம் இருந்திருந்தால் தேவலை என்று இடும்பனுக்குத் தோன்றியது.

கோடையில் ஏரி வற்றியது. இடும்பன் வெடித்த தரையில் நடந்தே நாணல்துறைக்குப் போனது. அங்கே ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. நீர்நாய்கள் அதில் தாமரைக்காயை வீசி விளையாடிக்கொண்டிருந்தன. காய் கையிலிருந்து கைக்குப் பறந்தது, வாலில் பட்டுத் தெறித்தது, முங்கி எழுந்தது. கரை நெடுகக் கூட்டம். ஆமைகள்கூடத் தூங்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் சுழியன் உட்கார்ந்திருந்தது. ஒரு முன்னங்கால் குட்டையாகிச் சூம்பிப் போயிருந்தது.

இடும்பன் பக்கத்தில் போய் மெல்ல உட்கார்ந்தது. நெடுநேரம் இருவரும் ஆட்டத்தையே பார்த்தார்கள்.

"இதில் எப்படி ஜெயிப்பது?" என்று இடும்பன் ஆராயியிடம் கேட்டது.

ஆராயி அதை ஒரு மாதிரி பார்த்தது. "பன்னிரண்டு தடவை வந்தீர்கள், தலைவரே. இன்றைக்குத்தான் கேட்கிறீர்கள்." ஆனாலும் பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தது. நல்ல ஆட்டம்தான். முதல் நாளே இருந்து பார்த்திருக்கலாம்.

பொழுது சாயத் தொடங்கியது. "வா சுழியா, வீட்டுக்குப் போகலாம்," என்றது இடும்பன். "மெதுவாக நடக்கலாம். என்மேல் சாய்ந்துகொள்."

சுழியன் தலையை ஆட்டியது. "நான் வரவில்லை. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் ஓடின இடம். நொண்டிக்கொண்டு அதைப் பார்க்க என்னால் முடியாது. இங்கே யாருக்கும் நான் ஓடினது அவ்வளவாக நினைவில்லை. அது ஒரு நிம்மதி."

"என்னை மன்னித்துவிடு."

"நீ என்மேல் விழுந்ததற்கா? அது சேறு செய்த வேலை. அதில் மன்னிக்க ஒன்றுமில்லை. முடியவில்லை என்று சொன்ன பிறகும் கூப்பிட்டாயே, அதைத்தான் மன்னிக்கப் பார்க்கிறேன். கொஞ்ச நாள் ஆகும், இடும்பா."

இடும்பன் எழுந்தது. ஏரியில் இறங்கித் தனியாக நடந்தது. ஏரியின் நடுவில், வெடித்த மண்ணின்மேல் ஒரு தடவை நின்றது. அக்கரையின் ஆரவாரம் அங்கே எட்டவில்லை. இக்கரையிலிருந்தும் அதை யாரும் கூப்பிடவில்லை.

தன்னை நேசிப்பவர்களைக் காக்கவைத்து, தன்னை அறியாதவர்களின் மனதைக் கேட்டறியாமல் புகழைத் தேடி ஓடுகிறவன் இரண்டு கரையையும் இழப்பான்.