ஆணி பிடுங்காத பெட்டி

கிரிச்... கிரிச்... கிரிச்...

பாட்டு முடிந்த பிறகும் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தால் ஊசி போடும் சத்தம் அது. நான் சிறுமியாக இருந்தபோது எதிர்வீட்டு மாடியிலிருந்து மத்தியானங்களில் கேட்கும். அங்கே தனியாக இருந்தவர் பாட்டின் நடுவிலேயே தூங்கிப்போயிருப்பார். எழுந்து நிறுத்த வேறு ஆள் கிடையாது. அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தால் பூங்குளம் சமஸ்தானத்துக் கதையும் கூடவே வரும். நல்லவேளை, அது சிரிக்கிற கதை.

பூங்குளம் ராஜா விஜயகேசரிக்குச் சங்கீதம் என்றால் உயிர். அவர் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு நடக்கும்போது ராஜா தலையசைக்கும் முன் யாரும் தலையசைக்கக் கூடாது. அவர் அசைத்த பிறகு அசைக்காமல் இருக்கவும் கூடாது.

அரண்மனை வித்வாம்சினி வீணை தருமாம்பாள். அவள் வாசித்து ஒரே ஓர் இசைத்தட்டு வந்திருந்தது. அதை ராஜா தம் பழைய கிராமபோனில் தினமும் போட்டுக் கேட்பார்.

ஒரு நாள் பட்டணத்திலிருந்து பத்மராஜு என்ற ஏஜெண்ட் வந்தான். பின்னாலேயே மாட்டுவண்டியில் ஒரு பெரிய மரப்பெட்டி.

"மகாராஜா இதுவரை கேட்டது வீணையே இல்லை. வீணையின் நிழல்" என்றான். "இந்த மிஷினுக்குக் கருங்கல் பீடம். நீலக்கல் ஊசி. கண்ணை மூடிக் கேட்டால் தருமாம்பாளே திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்!"

"விலை?"

பத்மராஜு காதோடு சொன்னான். ராஜாவுக்கு வியர்த்தது. ஆனால் அவ்வளவு விலையுள்ள பொருள் மட்டமாக இருக்க முடியாது என்று உடனே பட்டுவிட்டது.

கஜானாவில் காற்றுதான் இருந்தது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தருமாம்பாளுக்கு மானியமாக விட்ட நிலத்தையும் வீட்டையும் விற்றுவிடுவது. வீணையைத் தெளிவாகக் கேட்பதற்காக வீணைக்காரியைத் தெருவில் நிறுத்துவது. சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. ராஜா தலையசைத்துவிட்டாரே!

மிஷினுக்கு அதிர்ச்சி ஆகாது என்று பத்மராஜு சொன்னதால் ஊரில் உலக்கை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. மாட்டுக் கழுத்து மணிகளுக்குத் துணி சுற்றினார்கள். பெட்டியின் ஆணியைக்கூட இன்னும் பிடுங்கவில்லை.

சபையில் ஆபத்சகாயம் என்று ஒரு விகடகவி இருந்தார். அவரிடம் தருமாம்பாள் வந்தாள்.

"அண்ணா, வயசான காலத்தில் வீணையைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?"

"எங்கேயும் போக வேண்டாம் அம்மா. ராணியம்மாளிடம் நான் சொன்னேன் என்று ஒரு விஷயம் சொல். நாளைக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்."

மறுநாள் சபையில் ஆபத்சகாயம் எழுந்தார்.

"மகாராஜா, ராணியம்மாளும் கேட்க ஆசைப்படுகிறார்கள். மிஷின்களை அந்தப்புரத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டோம். முதலில் பழையது, அப்புறம் புதியது. தோழிப்பெண்கள் போடுவார்கள்."

"என் மிஷினை நான்தான்..." என்று பத்மராஜு எழுந்தான்.

"ஓய், உட்காரும்!" என்றார் ராஜா. "அந்தப்புரத்துக்குள் அந்நிய ஆண் நுழைந்தால் என்ன தண்டனை தெரியுமா?"

பத்மராஜு உட்கார்ந்தான்.

முதல் வாசிப்பு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பத்மராஜு முகத்தைச் சுளித்தான்.

"கேட்டீர்களா மகாராஜா? நகம் கம்பியில் உரசுகிறது. நடுவில் யாரோ மூச்சு விடுகிறார்கள். இதைத்தான் இத்தனை வருஷமாகச் சகித்துக்கொண்டீர்களா?"

"சகிக்கவில்லை" என்று ராஜா உதட்டைப் பிதுக்கினார். சபை முழுக்க உதடு பிதுங்கியது.

இரண்டாவது தொடங்கியது. கிரிச்... கிரிச்... அதன் நடுவே எங்கேயோ ஒரு வீணை.

"ஆகா!" என்றான் பத்மராஜு. "அந்தக் கிரிச் என்கிற ஓசை? வாசித்த அறையின் காற்று அது! சாதாரண மிஷினில் காற்று விழாது!"

"காற்று... காற்று..." என்று ராஜா கண்ணை மூடித் தலையசைத்தார். சபை முழுக்கத் தலைகள் ஆடின. மந்திரிக்குத் தலைப்பாகையே கழன்று விழுந்தது.

அப்போது திரை விலகியது. ஒரு பக்கம் வீணையோடு தருமாம்பாள். மறுபக்கம் பழைய கிராமபோன். நடுவில் ஆணி பிடுங்காத பெட்டி.



தருமாம்பாள் கைகூப்பினாள். "மகாராஜா, முதலில் வாசித்தது நான். எனக்கு அப்புறம் வாசித்தது யார்? பாவம், அந்தப் பெண்ணுக்கு ஜலதோஷமா?"

ராஜாவின் முகம் சிவந்தது. "ஆபத்சகாயம்! என்னை முட்டாளாக்கினீரா?"

"ஐயையோ, இல்லை மகாராஜா! தருமாம்பாளே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும் என்றார் ஏஜெண்ட். அவளே உட்கார்ந்தால் பழைய மிஷின் என்கிறார். ஆக, அவர் மிஷினுக்குப் பொருந்தும்படி தருமாம்பாள்தான் இன்னும் கொஞ்சம் மோசமாக வாசிக்க வேண்டும். நிலத்தைப் பிடுங்குங்கள். பட்டினி கிடந்தால் தானாக விரல் நடுங்கும். அப்புறம் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்!"

ராஜா அவரையே பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். காற்றை ரசித்த தம் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்காகவே காத்திருந்த சபையும் சிரித்தது. பத்மராஜு மட்டும் வண்டிக்காரனைத் தேடி ஓடினான்.

"நிலமும் வீடும் தருமாம்பாளுடையவை. இனி யாரும் தொடக்கூடாது" என்றார் ராஜா. "உமக்கு என்ன வேண்டும், கேளும்!"

"ஆட்டுக்கல்லை விடுதலை செய்யுங்கள் மகாராஜா. என் வீட்டில் இட்லியைக் கண்ணால் பார்த்தே நாளாகிறது."

பல வருஷங்களுக்குப் பின் தருமாம்பாள் அந்த வீட்டிலேயே, வீணை இருந்த அறையில் காலமானாள்.