பெஞ்சில் கொஞ்சம் இடம்

ஏகாம்பரம் காலமெல்லாம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆற்றோர மடத்தில் அவர் குருவாக ஏற்றுக்கொண்ட பெரியநாயகி அம்மாவோ அவரைவிட வயதில் சின்னவர். அதில் அவருக்குக் குறையில்லை. குருவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்பதில் மட்டும் ரகசியமாக ஒரு சந்தோஷம்.

அன்று காலை மகள் குயிலி போன் செய்திருந்தாள். "என்னால இங்க இருக்க முடியலைப்பா. வீட்டுக்கு வந்துடட்டுமா?" அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். குருவிடம் யோசனை கேட்க மடத்துக்கு வந்துவிட்டார்.

நேராகக் கேட்க வாய் வரவில்லை. வாத்தியார் புத்தி எங்கே போகும்? மரத்தடி பெஞ்சில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, அட்ஜஸ்ட்னு ஒரு வார்த்தை. கடிகார முள்ளைத் திருப்பினாலும் அதுதான், பஸ்ஸில நகர்ந்து உட்கார்ந்தாலும் அதுதான். அதுக்கு உண்மையான அர்த்தம் என்ன?"

"நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் பொண்ணுகிட்ட. மாப்பிள்ளைக்கு முன்கோபம். சில சமயம் கையும் நீளும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மான்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டேன். காலையில மறுபடியும் போன். அங்க இருக்க முடியலையாம். நான் சொன்னது தப்பா? நகர்ந்து கொடுத்தாத்தானே குடும்பம்?"

அம்மா கீரைக்கட்டை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

ஏகாம்பரம் நகர்ந்தார்.

அடுத்து முறம் வந்தது. நகர்ந்தார். தண்ணீர்க்குடம் வந்தது. பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பும் காற்றில் பாதி உடம்புமாகத் தொத்திக்கொண்டார். விளக்குமாறும் வந்து சேர்ந்தபோது எழுந்து வெயிலில் நின்றார். குரு செய்தால் காரணம் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் அம்மா.

"இன்னும் எங்கம்மா போறது? நான்தான் பெஞ்சிலேயே இல்லையே!"

குரல் உயர்ந்துவிட்டது. அம்மாவின் கை மட்டும் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தது.

"காலையில உங்க பொண்ணு சொன்னதும் இதுதானே?"

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஆனால் விரல் நகரவில்லை.

"ஊர் பேசும்மா. கோயிலுக்குப் போனா கேப்பாங்க, கல்யாண வீட்டுக்குப் போனா கேப்பாங்க. நான் எப்படி வெளியில தலைகாட்டறது?"

அம்மா குடத்தையும் முறத்தையும் கீழே இறக்கி வைத்தார்.

"அவளை வரச் சொல்லுங்க. நாலு பேர் நாலு விதமாப் பேசத்தான் செய்வாங்க. நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."