அழுகண்ணியும் அரைச் சவரமும்

கோத்தகிரி பேருந்து நிலையத்தை ஒட்டிய மருதப்பன் சலூனில், இன்பராஜின் இடது கன்னம் வழவழவென்று இருந்தது. வலது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. பத்து மணிப் பேருந்தைப் பிடித்து அவன் குன்னூருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். தள்ளித் தள்ளிப் போட்ட பெண்வீட்டார் ஒருவழியாக இசைந்த நாள் அது. ஆனால் மருதப்பன் சொல்வதை யாராவது நம்பாவிட்டால், நம்பவைக்கும்வரை அவர் கத்தி கன்னத்தைத் தொடாது.

"சதுப்புல அழுகண்ணின்னு ஒரு செடி தம்பி. காசளவுதான், தரையோட தரையா சிவப்பாக் கிடக்கும். இலை பூரா முடி. முடி நுனியில பனித்துளி மாதிரி பசை. கொசு உக்காந்தா முடியெல்லாம் வளைஞ்சு அமுக்கிரும். அப்படியே கரைச்சுக் குடிச்சிரும்."

"செடியாவது, கொசுவைத் திங்கிறதாவது!" என்றார் முறைக்குக் காத்திருந்த டெம்போ டிரைவர் சவரிமுத்து.

அதுவரை சொன்னது அத்தனையும் நிஜம். அதைத்தான் அவர் நம்பவில்லை.

கத்தி மேலே போனது. "கொசுவா? என் வீட்டுச் செடி கொசுவைச் சீண்டாதுய்யா. காக்காதான். சத்தில்லாத மண்ணுல வளர்ற ஜாதி, பசி அப்படி!"

"காக்கா பறந்துராதா?"

"ரெக்கையைத்தானே முதல்ல ஒட்டுது! போன மழையில காட்டெருமை ஒண்ணு நக்கிப் பாத்துச்சு. வாலு உள்ள போறதை நானே பாத்தேன். ஒட்டாம வழுக்கினது ஒரே ஆளு, ஓட்டுக் கேக்க வந்த கவுன்சிலர். பூவை மட்டும் உசரத் தண்டுல தூக்கி வச்சிருக்கும். தேனீ வந்து போகணும்ல? காரியம் ஆகுறவரைக்கும் யாரையும் கடிக்காது, நம்மாளுங்க மாதிரி."

"அண்ணே, நான் நம்புறேன்ணே!" என்றான் இன்பராஜ்.

"நீ நம்புற தம்பி. அவரு நம்பணுமே?"

வெளியே பேருந்து உறுமியது. இன்பராஜ் நுரையோடு நிமிர்ந்தான்.

"எங்க ஊர்லயும் இருக்குண்ணே. ஒரு சலூன்காரரையே பிடிச்சிருச்சு. கை, காலு, கத்தி எல்லாம் கரைஞ்சு போச்சு. வாய் மட்டும் செரிக்கல. இன்னும் இலை மேல கிடந்து பேசிக்கிட்டே இருக்கு."

சவரிமுத்து பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். மருதப்பன் கதையை விட்டுவிட்டுக் குனிந்தார். கத்தி மளமளவென்று வலது கன்னத்தில் இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி, நகரும் பேருந்தின் படியில் தொற்றினான் இன்பராஜ்.

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் மருதப்பன்.

"தம்பி, அந்த வாய்... என்னைவிட நல்லாவா பேசுது?"