சாம்பல் பூசிய ராஜா

வங்க தேசத்தில், கங்கைக் கரையில், மாந்தோப்புகளுக்குப் பேர்போன கௌட நாட்டை வெகு காலத்துக்கு முன்னால் பிரதீபநாராயணன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது புகழ்ந்தால் போதும், அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அந்தப் பசிக்குப் பரிமாறுவதற்கென்றே ஹலதர் என்றொரு பிரபு சபையில் இருந்தார். மந்திரி புண்டரீகரின் ஆசனத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

ராஜாவுக்குத் தாமரைக் குளம் வெட்டும் ஆசை வந்தது. ஊர்களுக்குப் போகிற வாய்க்காலை அரண்மனைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். குளம் நிறைந்தது, ஊர் வாய்க்கால் வறண்டது.

"ஜனங்களே மனமுவந்து கொடுத்த தண்ணீர், மகாராஜா! வீட்டுக்கு வீடு உங்களை வாழ்த்துகிறார்கள்" என்றார் ஹலதர். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

நிதாய் என்ற பாட்டுக்காரன் மட்டும் சந்தையில் நின்று, ஊர் தாகத்தில் தவிக்க ராஜா வீட்டுத் தாமரை சிரிக்கிறது என்று பாடிவிட்டான். பிடித்து வந்து சபையில் நிறுத்தினார்கள்.

"பொய் சொன்ன நாக்கை அறுக்க வேண்டும்" என்றார் ஹலதர்.

"அறுங்கள்" என்றான் ராஜா.

மந்திரி மெதுவாக எழுந்தார். "பொய்தானா என்று பார்த்துவிட்டு அறுக்கலாமே, மகாராஜா. நாளை மறுநாள் கம்பீரா வருகிறது."

கம்பீரா என்பது அந்த நாட்டில் பங்குனி முடியும்போது நடக்கிற விழா. ஒருவர் சிவன் வேஷம் போட்டு மேடையில் உட்கார்வார். அவரை ‘நானா’, அதாவது தாத்தா என்று கூப்பிட்டு, அந்த வருஷத்து நல்லது கெட்டதையெல்லாம் ஜனங்கள் அவர் முன்னால் கொட்டுவார்கள். அங்கே என்ன பேசினாலும் குற்றமில்லை. நானாவாக இருப்பவர் முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது.

"இந்த வருஷம் நானாவாகத் தாங்களே உட்காருங்கள்" என்றார் மந்திரி. "முகம் நிறையச் சாம்பல், தலையில் ஜடை. யாருக்கும் அடையாளம் தெரியாது. ஜனங்கள் வாழ்த்துவதைத் தங்கள் காதாலேயே கேட்கலாம். ஹலதர் சொன்னபடி வாழ்த்தினால் இவன் நாக்கை அறுங்கள். இவன் பாடியதையே அவர்களும் சொன்னால் விட்டுவிடுங்கள்."

ஹலதருக்கு வியர்த்தது. "வெயில் கொளுத்துமே, மகாராஜாவின் திருமேனி தாங்குமா?"

"வீட்டுக்கு வீடு வாழ்த்துகிறார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அதைக் கேட்கிற சந்தோஷத்தில் வெயில் உறைக்குமா?" என்றார் மந்திரி. ராஜா அப்போதே ஜடையைக் கொண்டுவரச் சொன்னான்.

கம்பீரா அன்று மைதானம் நிறைந்த கூட்டம். நிதாயைக் காவலோடு ஓர் ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒருவன் வந்து மாம்பிஞ்சு கொட்டிப்போன கதையைச் சொன்னான். இன்னொருவன் மருமகனைப் பற்றி மூக்கால் அழுதான். சாம்பலுக்குள்ளே ராஜா சிரித்துக்கொண்டான்.

அப்புறம் காலிக் குடத்தோடு மோக்ஷதா என்ற விதவை வந்தாள்.

"நானா, வாய்க்கால்ல தண்ணி இல்ல. மணலைக் கையால தோண்டி, ஊறுறத சிரட்டையில மொண்டு குடிக்கிறோம். எங்க தண்ணியெல்லாம் தாமரைக் குளத்துல நிக்குது."

"ஆமா நானா, ஆமா!" என்றது கூட்டம். ஒருவர்கூட வாழ்த்தவில்லை. நிதாயின் நாக்கு பிழைத்தது. ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது; எழப்போனான்.

"நானா எழக்கூடாது" என்று பக்கத்தில் நின்ற மந்திரி முணுமுணுத்தார்.

மோக்ஷதா கூட்டத்தைக் கையமர்த்தினாள். "நானா, எங்க ராஜாவ தண்டிச்சிடாத. பாவம், அவருக்குத் தெரியாது. ஒரு தடவ எங்கள கண்ணால பார்த்திருந்தா அன்னிக்கே தொறந்து விட்டிருப்பாரு."

ராஜாவுக்குக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஏனென்றால் அவன் பார்த்திருந்தான். போன மாதம் அவன் பல்லக்கு அந்த வாய்க்காலைத் தாண்டிப் போனது. பெண்கள் மண்டியிட்டு மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். முகம் அவளுக்குத் தெரிவதற்குள் இவன் மோதிரக் கையால் சட்டென்று திரையை இழுத்துவிட்டு, சீக்கிரம் போங்கள் என்றான். இதே மோக்ஷதாதான் அவள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இவள் தனக்காக வேண்டிக்கொள்கிறாளே! எழுந்து ஓடவும் முடியாமல், தெரியும் என்று சொல்லவும் முடியாமல், அவமானத்தில் உடம்பு கூச உட்கார்ந்திருந்தான். கன்னத்துச் சாம்பலில் இரண்டு கோடுகள் இறங்கின.

அன்றைக்கே ஆட்கள் போய் வாய்க்காலைத் திறந்தார்கள். மறுநாள் ராஜா ஊரையும் சபைக்கு அழைத்தான். நிதாயை விடுவித்தான். வாய்க்காலில் தண்ணீர் ஊர் போய்ச் சேரும்வரை ஹலதர் தாமரைக் குளத்திலிருந்து மோக்ஷதா தெருவுக்குக் குடம் சுமக்க வேண்டும் என்றான். பிறகு முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

புண்டரீகர் பின்வாங்கினார். "வேண்டாம், மகாராஜா. தண்ணீரைத் திருப்பிய நாளிலிருந்து எனக்கும் தெரியும். ஒருவன் நாக்குக்கு ஆபத்து வரும்வரை நானும் வாயைத் திறக்கவில்லை. இதைப் போட்டுக்கொண்டு எந்த முகத்தோடு வெளியே போவேன்?"

மாலை ராஜாவின் கையிலேயே தொங்கியது. அவன் பாட்டுக்காரனைப் பார்த்தான். "அடுத்த கம்பீராவில் என்னைப் பற்றி என்ன பாடுவாய்?"

"தெரியாமல் நடந்த தப்பு, தெரிந்ததும் திருத்திவிட்டார் என்று பாடுகிறேன், மகாராஜா."

"அதுதான் பொய்" என்றான் ராஜா. சபை திடுக்கிட்டது. அவன் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, பல்லக்கையும் வாய்க்காலையும் திரையையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னான்.

மோக்ஷதா அவன் விரலில் இருந்த சிவப்புக்கல் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திரைய இழுத்தது இந்தக் கையா?" என்றாள்.

"இந்தக் கைதான், தாயே."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ராஜாவுக்குத் தோன்றியது.

அடுத்த வருஷம் நிதாய் அதை அப்படியே பாடினான். ராஜா முன்வரிசையில், முகத்தில் சாம்பல் இல்லாமல் உட்கார்ந்து, கடைசிவரை கேட்டான்.