சிவனம்மாள் கட்டாத மாடி

வெகு காலத்துக்கு முன்னால் நீர்க்குன்றம் என்ற பட்டணத்தைக் குணவீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் உத்தரவு போட்ட பிறகுதான் யோசிப்பான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். யாரானாலும் தன் வீட்டுக்கு மேல் ஒரு மாடி கட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது. ஒரு மழைக்காலத்தில் ஊருணிக் கரையில் இருந்த மாடிவீடு ஒன்று பாரம் தாங்காமல் கரையோடு சரிந்துவிட்டது. ஊரே குடிக்கிற தண்ணீர் வீணாய் ஓடியது. ராஜா உடனே தண்டோரா போட்டான்: “ஊருணிக் கரையில் இனி யாரும் மாடி கட்டக்கூடாது.”

மறுநாளே அவல் இடித்து விற்கும் சிவனம்மாள் சபைக்கு வந்து நின்றாள். கரையில் அவளுக்கு ஒற்றை அறை வீடு. மூத்தவன் பெண்டாட்டியோடு அதில்தான் இருந்தான். இளையவனுக்கும் பெண் பார்த்தாயிற்று. மாடிக்கென்று செங்கல்கூட வாங்கி அடுக்கியிருந்தாள்.

“மகாராஜா, கரை நிக்கணும், ஊர் தண்ணி குடிக்கணும். நான் வேண்டாங்கல. ஆனா ஊருக்கெல்லாம் தண்ணி, எனக்கு மட்டும் நஷ்டமா? வரப்போற மருமகளை எங்க குடிவைப்பேன்?”

ராஜா மீசையைத் தடவினான். அந்த நேரம் பார்த்துக் கோட்டைக் காரியக்காரர் நாகலிங்கம் எழுந்தார். அமைச்சர் மெய்யப்பரைக் கண்டாலே இவருக்கு வயிற்றெரிச்சல்.

“பிரபு, நம் அமைச்சர்தான் மகா புத்திசாலி ஆயிற்றே. கரையில் மாடியும் எழக்கூடாது, இந்த அம்மாளுக்குக் குறையும் வரக்கூடாது, கஜானாவிலும் கைவைக்கக்கூடாது. எட்டு நாளில் வழி சொல்லட்டும். முடியாவிட்டால் பதவியை விடட்டும்.”

ராஜாவுக்கு இது நல்ல விளையாட்டாகப் பட்டது. “அப்படியே ஆகட்டும்” என்றான்.

மெய்யப்பர் அசரவில்லை. நாகலிங்கத்திடம் சாவதானமாகக் கேட்டார். “கிழக்கே கோட்டைச் சுவரில் புது வாசல் திறந்த பிறகு உங்கள் மனைக்கு நல்ல கிராக்கியாமே?”

“பின்னே? முள்ளுக்காடாய்க் கிடந்ததை வாங்கி வீடும் கட்டிக்கொண்டேன். இன்றைக்கு வியாபாரிகள் கடை கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு மாடி போதவில்லை. எல்லாம் என் சாமர்த்தியம்.” வாசல் எங்கே வரப்போகிறது என்பது தனக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மெய்யப்பர் ராஜாவிடம் தனியே ஏதோ பேசினார். மறுநாள் காலை மராமத்து என்று சொல்லிக் கிழக்கு வாசலை மூடிவிட்டார்கள். வண்டிகளெல்லாம் தெற்கு வாசல் வழியாகப் போயின. வியாபாரிகளும் அங்கேயே கடை தேடிக்கொண்டு போனார்கள். ஆறாம் நாள் நாகலிங்கம் மூச்சிரைக்கச் சபைக்கு வந்தார். மெய்யப்பர் சொல்லியனுப்பி, சிவனம்மாளும் அங்கே வந்திருந்தாள்.

“பிரபு, தயவுசெய்து வாசலைத் திறக்கச் சொல்லுங்கள். என் மனைப் பக்கம் ஈ காக்காய் வருவதில்லை.”

“வாசலைத்தானே மூடினோம்? உங்கள் சாமர்த்தியம் அங்கேயேதானே இருக்கிறது?” என்றார் மெய்யப்பர்.

சபை சிரித்தது. நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு, “வாசலால் வந்த மதிப்புதான்” என்று முனகினார்.

“அந்த வாசலைத் திறந்தது ஊராரின் உழைப்பு” என்றார் மெய்யப்பர். “ அதனால் வந்த மதிப்பில் ஊருக்கும் பங்கு உண்டு. பிரபு, சிவனம்மாளுக்கு ஓர் ஓலை எழுதிக் கொடுங்கள். கரையில் இவள் கட்டாமல் விட்ட மாடியைக் கிழக்கு வாசல் தெருவில் யார் வீட்டின் மேலும் ஏற்றலாம் என்று எழுதுங்கள். நாகலிங்கத்துக்கு இரண்டாம் மாடி வேண்டுமானால் இவளிடம் அந்த ஓலையைக் கேட்டு வாங்கட்டும். கஜானாவை யாரும் தொடவில்லை.”

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தான். ஓலையை எழுதச் சொல்லி, வாசலையும் திறக்கச் சொன்னான். நாகலிங்கம் சிவனம்மாளிடம் வேண்டாவெறுப்பாக, “என்ன வேண்டும், கேள்” என்றார்.

“காசு வேண்டாம் ஐயா. அந்த ரெண்டாம் மாடியில பாதி என் சின்னவனுக்கு.”

“என் தலைக்கு மேலேயா? அங்கே அவல் இடித்தால் நான் எப்படித் தூங்குவது?”

“உலக்கை என் வீட்டுலயே இருக்கும். நீங்க நிம்மதியாத் தூங்குங்க.”

நாகலிங்கத்துக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொண்டார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மெய்யப்பரின் கழுத்தில் போட்டான். பிறகு சிவனம்மாளைப் பார்த்து, “குறை தீர்ந்ததா அம்மா?” என்று கேட்டான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “பையனுக்கு இடம் கிடைச்சுது மகாராஜா. ஆனா அது கரை இல்லையே. மாடி கட்டி ஊருணியைப் பாத்துக்கிட்டே படுக்கணும்னு என் வீட்டுக்காரர் சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். இப்ப பையனும் ஊரு அந்தக் கோடிக்குப் போறான். இதையெல்லாம் எந்த ஓலையில எழுதுவீங்க?”

மெய்யப்பர் மாலையைக் கழற்றி ராஜாவின் முன்னால் வைத்தார். “பிரபு, நான் மாடியை மட்டும்தான் கணக்கில் எடுத்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.” அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

ராஜா அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுவதற்கு முன்னால் யோசித்தான். பிறகு எழுத்தாணியைத் தானே வாங்கி, கரையில் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு மாடிக்கும் வேறிடத்தில் இரண்டு மாடி என்று ஓலையைத் திருத்தினான். நாகலிங்கத்துக்குக் கொடுத்தது போக இன்னொரு மாடி சிவனம்மாள் கையில் மிஞ்சியது. மாலையை எடுத்து மறுபடியும் மெய்யப்பரிடமே கொடுத்தான்.

“இதுவும் போதாது என்று எனக்குத் தெரிகிறது அம்மா” என்றான்.

“போதாதுதான் மகாராஜா” என்றாள் சிவனம்மாள். ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டில் நெல் ஊறிக்கொண்டிருக்கிறது என்று கிளம்பிப் போனாள்.