தூக்கம் தைத்த பவளாயி

முன்னே முன்னே, நாம் யாரும் பிறக்காத காலத்தில், ஏழு மலையும் ஏழு ஏரியும் கொண்ட ஏழேரி நாடு என்று ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தையல் மிஷின் ஏது என்று யாரும் குறுக்கே கேட்கக் கூடாது. ஏழேரி நாட்டில் இருந்தது. வீட்டுக்கு ஒன்று இருந்தது. கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு மாட்டுவண்டியில் ஏறி மிஷினும் புகுந்த வீட்டுக்குப் போகும். அவள் பெற்ற மகளுக்குக் கல்யாணமானால் அந்த மகளோடு அடுத்த வண்டியில் ஏறும். காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் ஊசி குதிக்கும். பகலெல்லாம் தெருவில் கடகட கடகட என்று ஒரே சத்தம்.

அந்த நாட்டின் பட்டணத்தில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். ஒட்டுப்போர்வை தைப்பதில் பேர்போனவள். ரவிக்கை தைத்தது போக மிஞ்சிய துண்டு, கிழிந்த சேலையில் நல்ல பக்கம், பிள்ளைக்குச் சிறுத்துப்போன பாவாடை, எது கிடைத்தாலும் விடமாட்டாள். சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே பழஞ்சேலையை நாலு மடிப்பாகக் கொடுத்துத் தைப்பாள். அவளுடைய மிஷின் அவள் அம்மாவுடையது. மிதிகட்டையில் இரண்டு பாதமும் பள்ளமாகப் பதிந்திருக்கும். புருஷன் மாரப்பன் வண்டி ஓட்டுகிறவன். மகள் செம்பாவுக்கு இரண்டு வயது. வாசலில் வெள்ளச்சி என்று ஓர் ஆடு.

ஒரு வருஷம் விடாத மழை. பெரிய ஏரியின் கரை உடைந்துவிட்டது. மண்ணைக் கொட்டினார்கள், நிற்கவில்லை. கல்லைக் கொட்டினார்கள், நிற்கவில்லை. வைக்கோல் போரையே உருட்டித் தள்ளினார்கள், அதுவும் மிதந்து போனது. ராஜா திருமுடி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கருக்கன் என்ற மந்திரவாதி வந்தான். பனைமரம் போல உயரம். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் போலச் சிவப்பு. இடுப்பில் முழ நீளத்துக்கு ஒரு பொன் கத்தரி.

"வெள்ளத்தை நான் நிறுத்துகிறேன்" என்றான். "கூலியாக உன் குடிகள் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருக்கிற ஒன்று, அது மட்டும் போதும்."

பரணில் போட்டு மறந்த பழைய சாமானைத்தான் கேட்கிறான் என்று ராஜா நினைத்தார். "எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

கருக்கன் கத்தரியை எடுத்தான். கறுக் என்று வெட்டினான். பாய்ந்து வந்த தண்ணீர், துணி அறுந்தது போல அப்படியே நின்றது. உடைந்த கரையை ஊரார் அன்றே கட்டி முடித்தார்கள், ஊர் பிழைத்தது. மறுநாள் காலையில் அவன் கூலி வாங்கக் கிளம்பினான்.

நம் ஒவ்வொருவர் தோளிலும் நம் தூக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெல்லிய துணி மாதிரிதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கருக்கன் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு தோளிலும் கறுக் என்று ஒரு வெட்டு வெட்டினான். ராஜாவின் தூக்கத்தை வெட்டினான், வண்ணாரின் தூக்கத்தை வெட்டினான், தொட்டிலில் கிடந்த பச்சைப் பிள்ளையின் தூக்கத்தையும் வெட்டினான். எல்லாவற்றையும் மடித்து, நாற்பது மூட்டையாகக் கட்டி, மலைக்குகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து ஏழேரி நாட்டில் ஒருவருக்கும் கண் மூடவில்லை. குயவர் வனைந்த பானையெல்லாம் கோணிக்கொண்டது. அரண்மனைச் சமையல்காரர் பாயசத்தில் உப்பைப் போட்டார், யாருக்கும் அது தெரியக்கூட இல்லை. மாரப்பனின் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது, அவன் உயிர் தப்பியதே பெரிது. எல்லாரையும்விடச் சின்னப் பிள்ளைகள் பாடுதான் பெரும்பாடு. பத்தாம் நாள் செம்பாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. அம்மா தோளில் சாய்ந்து, விழித்த கண் விழித்தபடி முனகினாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"வைத்தியர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் பவளாயி.

"என்ன சொல்வார்? அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்" என்றான் மாரப்பன். "இன்னும் நாலு நாள் இப்படியே போனால் பிள்ளைக்கு ஆகாது என்றார், பவளா."

பவளாயி எழுந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உச்சிவெயில். அங்கே வெள்ளச்சி வேப்பமர நிழலில் காலை நீட்டிப் படுத்து, கொர்ரென்று தூங்கிக்கொண்டிருந்தது.

நாடே விழித்துக் கிடக்கிற சந்தடியில் மாடும் நாயும்கூடத் தூங்கவில்லை, இந்த ஆடு மட்டும் எப்படித் தூங்குகிறது? பவளாயி குனிந்து பார்த்தாள். ஆட்டின் வாயோரத்தில் ஒரு நூல் பிசிறு. மெல்ல இழுத்தாள். விரல் அளவு துண்டுத்துணி ஒன்று வந்தது. நிறம் இன்னதென்று சொல்ல முடியவில்லை. கண்ணை மூடினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். அதைத் தொட்டதும் பவளாயிக்குக் கொட்டாவி வந்தது. பத்து நாளில் முதல் கொட்டாவி.

அவளுக்கு விஷயம் பிடிபட்டது. துணியை வெட்டினால் வெட்டுத்துண்டு விழும். எந்தக் கத்தரியாக இருந்தாலும் விழும். ராஜா தூக்கமானாலும் துணி துணிதானே?

"என்னங்க, பிள்ளையைப் பிடிங்க" என்று செம்பாவை மாரப்பனிடம் கொடுத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கீழே கிடக்கிற துண்டு கண்ணுக்குத் தெரியாது, ஆடு வாயிலோ ஆள் கையிலோ எடுத்தால்தான் தெரியும். அதனால் நடந்து பார்த்தாள். எங்கே கொட்டாவி வருகிறதோ அங்கே குனிந்து தடவினாள். குயவர் வீட்டு வாசலில் ஒரு கொட்டாவி, ஒரு துண்டு. கோயில் குளத்துப் படியில் ஒரு கொட்டாவி, இரண்டு துண்டு. அரண்மனை வாசலில் நின்று அவள் கொட்டாவி விட்டதைப் பார்த்து, காவல்காரன் அவளைப் பொறாமையோடு பார்த்தான். சாயங்காலத்துக்குள் கூடை நிறைந்துவிட்டது.

இரவெல்லாம் விளக்கடியில் துண்டுகளைச் சதுரமாக வெட்டி அடுக்கிவிட்டு, விடிந்ததும் மிஷினில் உட்கார்ந்தாள். பிள்ளை நினைப்பில் வேகமாக மிதித்தாள். கடகட கடகட. தையல் விழுந்தது, விழுந்த வேகத்தில் பிரிந்தது. நூலை மாற்றிப் பட்டுநூல் கோத்தாள். இன்னும் வேகமாக மிதித்தாள். ஊசி ஒடிந்தது. புது ஊசி மாட்டினாள். அதுவும் ஒடிந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, மாரப்பன் வந்து செம்பாவை அவள் மடியில் விட்டான்.

"உன்னைத்தான் தேடுகிறாள்" என்றான். "கொஞ்ச நேரம் வைத்துக்கொள்."

மடியில் பிள்ளை இருந்தால் எந்தத் தாயின் கால் வேகமாக ஆடும்? பவளாயியின் கால் தானாகத் தணிந்தது. தொட்டில் போய் வருகிற மாதிரி மிதிகட்டை மெல்லப் போனது, மெல்ல வந்தது. கட... கட... கட... கட. இந்தத் தடவை தையல் பிரியவில்லை. துண்டோடு துண்டு சேர்ந்தது, சதுரத்தோடு சதுரம் சேர்ந்தது. உச்சிவேளைக்குள் போர்வை முடிந்தது. ஒரு ஆள் போர்த்துகிற அளவுதான் இருந்தது.

அதைச் செம்பாவின் மேல் போர்த்தினாள். பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டது. இமை தாழ்ந்தது, திறந்தது, மறுபடி தாழ்ந்தது. அப்புறம் திறக்கவில்லை. மாரப்பன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, பிள்ளை தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். உடம்புச் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

செய்தி தெருவெல்லாம் பரவியது. பவளாயி போர்வையைப் பூட்டி வைக்கவில்லை. "முதலில் பிள்ளைகள், அப்புறம் நோயாளிகள், அப்புறம் மற்றவர்கள். ஆளுக்கு ஒரு நாழிகை" என்றாள். மூன்று நாள் போர்வை வீடு வீடாகப் போனது. ராஜா திருமுடி தாமே நடந்து வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"யோசிக்காமல் வாக்குக் கொடுத்தவன் நான். என்னைக் கடைசியில் வை, அம்மா" என்றார்.

"அப்படித்தான் வைத்திருக்கிறேன், மகாராஜா" என்றாள் பவளாயி.

நாலாம் நாள் பகலில் தெரு திடீரென்று அடங்கிப்போனது. கருக்கன் வந்து நின்றான்.

"இந்த நாட்டில் யாரோ தூங்குகிறார்கள்" என்றான். "கூலியில் பாக்கி வைத்திருக்கிறீர்கள். ஏ தையல்காரி, அந்தப் போர்வையை எடு."

தெருவில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பவளாயிக்கும் பயம்தான். ஆனால் அவள் தையல்காரி. ஆள் முன்னால் வந்து நின்றால் கண் தானாகத் தோளைத்தான் அளக்கும். கருக்கனின் வலது தோளைப் பார்த்தாள். சட்டைக்கு மேலே, கோணல்மாணலாக அறுந்த ஒரு விளிம்பு தொங்கியது. நாலைந்து நாளாகத் தூக்கத்துணியையே தொட்டுப் பழகியவள் என்பதால் அது அவளுக்குத் தெரிந்தது.

"ஐயா, நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டாள்.

கருக்கன் கத்தரியை உயர்த்திய கையோடு நின்றான். "நாளா? முந்நூறு வருஷம்" என்றான். "இந்தக் கத்தரி கிடைத்த அன்றைக்கு, வெட்டுகிறதா என்று என் தோளில்தான் வைத்துப் பார்த்தேன். அறுந்த தூக்கத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது."

"நாற்பது மூட்டை வைத்திருக்கிறீர்களே?"

"விரித்துப் படுத்துப் பார்த்தேன். போர்த்திப் பார்த்தேன். தலைக்கு வைத்துப் பார்த்தேன். வழுக்கி வழுக்கிப் போகிறது." அவன் குரல் தேய்ந்தது. கிட்டத்தில் பார்த்தால் அந்தச் சிவந்த கண்ணில் கோபத்தைவிடக் களைப்புத்தான் அதிகம் இருந்தது.

"தைக்காத துணி எப்படித் தோளில் நிற்கும்?" என்றாள் பவளாயி. "அந்த மூட்டையெல்லாம் உங்கள் அளவு இல்லை, ஐயா. ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்கென்று நெய்தது, இன்னொருத்தருக்குப் பொருந்தாது. இந்தப் போர்வை அப்படி இல்லை. இதில் எல்லார் துண்டும் இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். இதை உங்கள் தோளில் சேர்த்துத் தைத்துவிடுகிறேன். மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்."

"ஏமாற்றினால்?"

"கத்தரி உங்கள் கையில்தானே இருக்கிறது?"

கருக்கன் கத்தரியைத் தாழ்த்தி இடுப்பில் செருகினான். பிறகு போனான். ஒரு தடவை போய்ப் பதினைந்து மூட்டை, இரண்டாம் தடவை பதினைந்து, மூன்றாம் தடவை பத்து. எல்லாவற்றையும் தெருவில் இறக்கினான். மிஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான், கத்தரியை மடியில் இறுகப் பிடித்தபடி.

பவளாயி அவன் தோளின் கிழிந்த விளிம்பை ஊசிக்கடியில் கொடுத்து, போர்வையின் ஓரத்தை அதன்மேல் வைத்தாள். மெல்ல மிதித்தாள். கட... கட... கட. கால்வாசி தைப்பதற்குள் கருக்கனின் தோள் இறங்கியது. பாதி தைப்பதற்குள் கொட்டாவி வந்தது, முந்நூறு வருஷத்துக் கொட்டாவி, வேப்பமரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தபோது அவன் மிஷின் பலகையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். கத்தரி மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. திருகாணி தெறித்து, இரண்டு துண்டாகப் போனது. மாயம் அதோடு முடிந்தது.

பவளாயி தெருவைப் பார்த்துச் சொன்னாள்: "மிஷின் உள்ளவர்கள் எல்லாரும் கொண்டுவாருங்கள்."

கதவுகள் திறந்தன. ஒவ்வொரு வீட்டு மிஷினும் தெருவுக்கு வந்தது. கறுப்புப் பூச்சு போனது, சக்கரம் கிறீச்சிடுவது, கால் ஆட்டம் கண்டு அட்டை வைத்து நிறுத்தியது, எல்லாம் இரண்டு வரிசையாக நின்றன. மூட்டைகளை அவிழ்த்தார்கள். தன் தூக்கத்தைத் தொட்டதும் அவரவருக்கு அடையாளம் தெரிந்தது. குயவருடையது ஈரமண்ணின் குளிர்ச்சியோடு இருந்தது. ராஜாவுடையது அப்படியொன்றும் பட்டாக இல்லை, முரட்டுப் பருத்திதான், அங்கங்கே இழை விட்டிருந்தது. பச்சைப் பிள்ளைகளுடையதை எடுத்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். தெரு முழுக்கக் கால்கள் ஒரே தாளத்தில் போய் வந்தன. தைத்து முடிந்தவர்கள் அங்கங்கே திண்ணையிலும் வண்டியிலும் மர நிழலிலும் படுத்துவிட்டார்கள்.

கருக்கன் ஏழு நாள் தூங்கினான். எழுந்தபோது கண் வெளுத்திருந்தது, மந்திரம் ஒன்றும் நினைவில் இல்லை. பசிக்கிறது என்றான். மாரப்பன் கஞ்சி கொடுத்தான். ராஜா அவனைத் தண்டிக்கவில்லை, ஏரிக்கரைக் காவலுக்கு வைத்துக்கொண்டார். அந்த வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா பவளாயியிடம்.

"பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாழிகை, நாடு முழுக்க முரசு, மணி, தண்டோரா ஒன்றும் கூடாது, மகாராஜா. பிள்ளைகள் தூங்கட்டும்."

இந்தத் தடவை ராஜா நன்றாக யோசித்துவிட்டுத்தான், சரி என்றார். கூடவே அவளுக்கு ஏரிப் பாசனத்தில் நல்ல நிலமும் எழுதிக் கொடுத்தார்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அன்று தெருவில் எல்லாருக்கும் தைத்து முடித்துப் பார்த்தால், பவளாயியின் தூக்கம் மட்டும் இன்னும் தைக்கப்படாமல் மூட்டையின் அடியில் கிடந்தது. தன் தோளைத் தானே எப்படித் தைத்துக்கொள்வது? மற்ற பெண்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாரப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மிஷினில் உட்கார்ந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"மாட்டை ஓட்டுகிறேன், இதை ஓட்ட மாட்டேனா?" என்றான் மாரப்பன்.

ஓட்டினான். மாடு போகிற மாதிரியே தையலும் போனது. ஒரு இடத்தில் நெருக்கம், ஒரு இடத்தில் நீளம், நடுவில் ஒரு வளைவு. பவளாயி திரும்பிப் பார்த்தாள். பிரித்துத் தைக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள், கொட்டாவிதான் வந்தது. அப்படியே செம்பாவின் பக்கத்தில் சாய்ந்தாள்.

தையல் கோணலாக இருந்ததால் ஆயுசு முழுக்க அவளுக்கு இடது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூக்கம் வரும். அவள் அதைச் சரிசெய்து கொள்ளவே இல்லை. அந்த நாட்டில் அவளும் மாரப்பனும் செம்பாவும் வயிறு நிறைய உண்டு, கண் நிறைய உறங்கி, வெகுகாலம் வாழ்ந்தார்கள். கேட்ட உங்களுக்கும் அப்படியே வாய்க்கட்டும்.