ஜெபத்தில் கண் திறந்தவள்

ஏலிம்புரம் சபையில் ஒரு சட்டம் இருந்தது. ஜெபத்தில் கண்ணைத் திறக்கும் பிள்ளை, ஆராதனை முடியும்வரை பீடத்துக் கம்பி ஓரம் நிற்க வேண்டும். சட்டம் போட்டவர் இஸ்ரவேல் சார்.

வேதாகமத்தில் வரும் ஏலிமில் பன்னிரண்டு நீரூற்று இருந்ததாம். இந்த ஏலிமில் இருப்பது உப்புத் தண்ணீர் வரும் ஒரே ஒரு போர் பம்பு. சுற்றிலும் தேரி எனும் செம்மணல் மேடு, பனைமரம், நடுவே ஓடு வேய்ந்த கோயில். அந்தக் கோயிலின் ஞாயிறு பள்ளிக்கு எட்டு வருஷமாக இஸ்ரவேல் சார்தான் சூப்பிரண்டு. வயது ஐம்பத்திரண்டு. மற்ற நாட்களில் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார்.

நாற்பத்தொரு பிள்ளைகள் அவர் கையில். மனப்பாடப் போட்டியில் அவர்களை அடித்துக்கொள்ள சுற்றுவட்டச் சபைகளில் ஆள் கிடையாது. ஜெபம் தொடங்கியதும் நாற்பத்தொரு தலையும் குனியும். சார் மட்டும் நிமிர்ந்து, வரிசை வரிசையாகப் பார்ப்பார். பரீட்சை ஹாலில் பழகிய கண் அது, லேசில் ஏமாறாது.

அப்படிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெர்சிஸ் அகப்பட்டாள்.

பெர்சிஸுக்குப் பதினோரு வயது. சாருடைய மகள். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. சொந்த மகள் என்று விட்டுவிட்டால் ஊர் வாயை எப்படி மூடுவது? கம்பி ஓரம் நிறுத்திவிட்டார். ஆராதனைக்கு வந்த சனமெல்லாம் பார்த்தது. பிள்ளை அழவில்லை. ஆடாமல் அசையாமல் ஒன்றரை மணி நேரம் நின்றது. சாருக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு வயிற்றுவலி என்று அவள் கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் தலைவலி. மூன்றாவது வாரம் எந்த வலியும் சொல்லவில்லை.

"நான் வரல" என்றாள், அவ்வளவுதான்.

வீட்டில் சாயங்கால ஜெபத்திலும் அதே கதை. பாட்டு பாடுவாள். அப்பா ஜெபத்தைத் தொடங்கியதும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். பிள்ளை கையை விட்டுப் போகிறது என்று சாருக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் பலகையில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியாரைத் தேடிக் கோயிலுக்குப் போனார்.

அந்தச் சபைக்குக் குருவானவரான ஐயர் மாதம் ஒருமுறை, நற்கருணை ஞாயிறன்று மட்டும் வருவார். மற்றபடி ஆராதனை நடத்துவது, மணி அடிப்பது, வீடு சந்திப்பது எல்லாம் உபதேசியார் அருமைநாயகம்தான். வயது முப்பத்தாறு. சாரிடம் கணக்குப் படித்தவர். படித்தவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. பத்தாம் வகுப்பில் கணக்கை இரண்டு தரம் கோட்டை விட்டவர். அவர் பிரசங்கம் பத்து நிமிஷத்தைத் தாண்டாது. ஆனால் ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் சைக்கிள் அந்த வாசலில் நிற்கும். முட்டிக்கொண்ட இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் காப்பி குடித்துவிட்டு, இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்பி வரத் தெரிந்த மனுஷர். அப்படி ஒருவர் அமைவது ஒரு சபைக்குக் கொடுப்பினைதான். அப்பேர்ப்பட்டவரை சார் இன்னும் "ஏய் அருமை" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உபதேசியார் மறுநாள் ஆராதனைக்காகக் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அருமை, ஒரு சந்தேகம்."

"எங்கிட்டயா சார்? நல்லா ஆளப் பிடிச்சிய."

"விளையாடாத. பிள்ளைகளுக்கு விசுவாசத்த எப்படிக் குடுக்கது?"

"எட்டு வருசமா நீங்கதான சார் குடுத்துட்டு இருக்கிய?"

"வசனம் குடுத்தேன். பரிசு வாங்கிக் குடுத்தேன். ஒன்பதாங் கிளாஸ் வந்ததும் ஒவ்வொண்ணா நழுவிப் போகுது. ஊரான் பிள்ளை போனப்போ வளர்ப்பு சரியில்லன்னு பேசினேன். இப்போ எம்பிள்ளையே…"

உபதேசியார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தார்.

"பெர்சி என்ன சார் செஞ்சா?"

"ஜெபத்துல கண்ணத் திறந்துட்டு இருந்தா. அங்க இங்க வேடிக்கை பாத்தாக்கூட சின்னப்பிள்ளைன்னு விடலாம். நேரா என்னையே பாக்கா. நான் முறைக்கேன். அப்பவும் கண்ண எடுக்க மாட்டேங்கா."

"ஏன் பாத்தேன்னு கேட்டீங்களா?"

"கேக்க என்ன இருக்கு? தப்பு தப்புதான?"

உபதேசியார் துடைப்பத்தை மறுபடி எடுத்தார். பதில் வரும் என்று சார் காத்து நின்றார். குப்பைதான் வாசலுக்குப் போனது. பாய்களை உதறி விரித்து முடித்த பிறகு உபதேசியார் சொன்னார்:

"நாளைக்கு எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும் சார். பொது ஜெபத்துல எல்லாரும் முழங்கால் போடும்போது நீங்க போட வேண்டாம். பீடத்துக்குப் பக்கத்துல, அங்கி மாத்துற அறை வாசல்ல நின்னுக்கிடுங்க. அங்க இருந்து எல்லார் முகமும் தெரியும். எந்தெந்தப் பிள்ளை கண்ணத் திறக்கு, எங்க பாக்குன்னு கவனிச்சு எனக்குச் சொல்லணும்."

"பிடிச்சு நிறுத்தவா?"

"நிறுத்த வேண்டாம். பாத்தாப் போதும்."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று சாருக்கு ஏமாற்றம். ஆனாலும் காவல் வேலை அவருக்குக் கைவந்த வேலை. சரி என்றார்.

மறுநாள் ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் அவரவர் வீட்டாரோடு போய் உட்கார்ந்தார்கள். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். பெர்சிஸ் அன்றும் வரவில்லை. பொது ஜெபத்துக்கு உபதேசியார் முழங்காலிட்டார். சபை முழுவதும் பாயில் முழங்காலிட்டது. சார் அறை வாசலில் நின்று பார்த்தார்.

முதலில் ஒரு பையன் கண்ணைத் திறந்தான். உத்தரத்துப் பல்லியைப் பார்த்தான். சாருக்குக் கை துறுதுறுத்தது.

அடுத்தது டீக்கடை செல்வமணியின் மகன். அவன் தன் அப்பாவைப் பார்த்தான். கடையில் நாள் முழுக்க எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கும் செல்வமணி, இங்கே இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தப்புச் செய்த பையன் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மகன் வாயைப் பிளந்து பார்த்தான்.

பெண்கள் பக்கம் நாலு வயதுக் குட்டி ஒன்று தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. தாயின் உதடு அசைந்தது. அதைப் பார்த்துக் குட்டியும் தன் உதட்டை அசைத்தது. சத்தம் இல்லை, சொல்லும் இல்லை. அம்மா நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

இன்னொரு பிள்ளை சித்தியைப் பார்த்தது. இன்னொன்று தாத்தாவைப் பார்த்தது. ஒரு பையன் வெகுநேரம் உபதேசியாரின் முதுகைப் பார்த்தான். பல்லியைப் பார்த்தவன்கூடக் கொஞ்ச நேரத்தில் அது அலுத்துப்போய் அப்பா பக்கம் திரும்பினான்.

சாரும் பார்த்தார். எட்டு வருஷமாகப் பிள்ளைகளின் இமைகளை மட்டுமே பார்த்துவந்தவர், பெரியவர்களின் முகத்தை அன்றுதான் பார்த்தார். தன்னோடு மூன்று வருஷமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இந்த முகங்களோடா இத்தனை நாள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தோம் என்று சார் நினைத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் உபதேசியார் வந்தார்.

"எத்தனை பேரு சார்?"

"ஆறு பேரு."

"எங்க பாத்தாங்க?"

"அவங்கவங்க வீட்டு ஆளத்தான் பாத்தாங்க. ஒருத்தன் ஒன்னயப் பாத்தான்."

"அப்படியா?" உபதேசியார் பாயைச் சுருட்டத் தொடங்கினார். "அன்னைக்குப் பெர்சி எங்க சார் பாத்தா?"

"அதான் சொன்னேனே, என்னைத்தான்."

"நீங்க அப்போ என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

சார் பதில் சொல்ல வாயெடுத்தார். மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் பதில். செல்வமணி மகன் அப்பாவைப் பார்த்தபோது ஜெபம் பண்ணும் அப்பா அவனுக்குக் கிடைத்தார். தன் மகள் கண்ணைத் திறந்தபோது அவளுக்குக் கிடைத்தது ஒரு காவல்காரன். அந்தக் காவல்காரன் அவளை முறைக்கவும் செய்தான்.

சார் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். உபதேசியாரும் எதிரே உட்கார்ந்தார்.

"எங்க அப்பாவ ஒங்களுக்குத் தெரியும்லா சார்?"

"பனையேறி மோசேயைத் தெரியாதவன் யாரு?"

"அவரு யாருக்கும் பணிஞ்சது கிடையாது. தோட்ட முதலாளி கூட, போலீஸ்காரன் கூட எல்லாம் சண்டை. எங்க அம்மா எவ்வளவோ சொல்லியும் குரலக் குறைச்சதில்ல. எனக்கு ஏழு வயசு இருக்கும். இதே கோயில்ல, ஜெபத்துல கண்ணத் திறந்து அவரப் பாத்தேன். நெத்தி தரையில கிடக்கு. காய்ச்சுப்போன கை ரெண்டும் மல்லாந்து கிடக்கு. எங்க அப்பாதானான்னு எனக்குச் சந்தேகம் வந்துட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இவரையே பணிய வச்ச ஆளு யாருன்னு பாக்கணும்னு ஆசை வந்துட்டு சார். இன்னும் அந்த ஆசைலதான் மணி அடிச்சுக்கிட்டு இருக்கேன்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே கேட்டார்:

"அப்போ கண்ணத் திறக்கிற பிள்ளைகள என்ன செய்ய, உபதேசியாரே?"

சார் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதுதான் முதல் தடவை. உபதேசியார் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பிள்ளைக கண்ணு திறந்தே இருக்கட்டும் சார். நீங்க மூடிக்கிடுங்க."

அந்த வாரம் முழுக்க சார் மகளைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் அவள் அருகே போய், இரண்டு தரமும் கணக்கு நோட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகவே கிளம்பினார்.

பொது ஜெபத்துக்கு உபதேசியார் அழைத்ததும் சார் தன் இடத்தை விட்டு எழுந்தார். முன்னே நடந்தார். பீடத்துக் கம்பி ஓரம், அன்று மகளை நிறுத்திய அதே இடத்தில் முழங்காலிட்டார். சபையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணை மூடுவது அவ்வளவு கஷ்டம் என்று சார் எதிர்பார்க்கவில்லை. எட்டு வருஷப் பழக்கம், இமை துடித்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஜெபமெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. பிறகு மகளின் பெயர் வந்தது. பதிமூன்று வருஷம் இதே கோயிலில் அவளுக்காகக் கெஞ்சியது ஞாபகம் வந்தது. அதன் பிறகு சொல் நிற்கவில்லை.

நடுவில் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே சரளைக் கல் நெரிபட்டது. செருப்புச் சத்தம் மாதிரி இருந்தது. சின்னச் செருப்பு. சாரின் உடம்பெல்லாம் காதானது. ஒரு நொடி திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அவர் பார்க்கவில்லை.

ஆமென் சொல்லி எழுந்தபோது ஜன்னலில் யாரும் இல்லை. ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடம் ஓடினார்.

"பெர்சி வந்தாளா? ஜன்னல் பக்கம் பாத்தீங்களா?"

"எனக்கெப்படித் தெரியும் சார்?" என்றார் உபதேசியார். "நானும் கண்ண மூடிக்கிட்டுல்லா இருந்தேன்."

சார் வீட்டுக்கு வந்தார். கறிக்குழம்புக்கு அவர் மனைவி அரைத்துக்கொண்டிருந்த மசாலா வாசம் வாசல்வரை வந்தது. பெர்சிஸ் முற்றத்தில் சுளகை மடியில் வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் செருப்பு படியோரம் கிடந்தது. அதில் செம்மண் ஒட்டியிருந்தது. ஊரெல்லாம் செம்மண்தான், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

சார் அவளைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார்.

"அப்பா."

"என்னம்மா?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவு நேரமா யாருகிட்டப்பா பேசிக்கிட்டு இருந்தீங்க?"

நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு எட்டு வருஷமாகப் பதில் சொல்லிக்கொடுத்த மனுஷர். அந்தக் கேள்விக்கு அவர் வைத்திருந்த பதில்கள் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் பரிசும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஒன்றையும் சொல்லாமல் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, சுளகிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.